மோட்டார் பெட்டியின் ஆறு வாசகங்கள்

கரோல் பாக், புது தில்லி
ஞாயிற்றுக்கிழமை

சௌபாக்கியவதி ரோஹிணிக்கு அப்பாவின் ஆசிகள். இங்கே நானும், சுவர்களும், மாடி சாவ்லா குடும்பத்தாரும் அவரவர் அளவில் சௌக்கியம். ஹாலிஃபாக்ஸில் நீயும் மாப்பிள்ளை சுந்தரேஷும் குழந்தை மானசாவும் அந்த ஊர்க் குளிர் அனுமதிக்கும் அளவுக்கு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். போனில் பேசலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ எப்படி இருக்கீங்கப்பா என்று கேட்கிறாய், நான் நன்றாக இருக்கிறேன் என்கிறேன், அதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்பது தெரியும். மெதுவாகவே படி. இதில் அவசரமான செய்தி எதுவும் இல்லை.

உன் சித்தப்பா ராஜகோபால் ஞாயிறுதோறும் திருச்சியிலிருந்து போன் செய்கிறான். முதலில் சாப்பாட்டை விசாரிப்பான், பிறகு குரலைத் தாழ்த்தி அழுதியோ அண்ணா என்பான். பிப்ரவரியில் உன் அம்மா போனதிலிருந்து இதே கேள்வி. இன்னும் இல்லை, பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் சொல்லிவருகிறேன். அவன் நான் வேடிக்கையாகப் பேசுவதாக நினைத்து வருத்தப்படுகிறான். உண்மையில் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்கிறது என்று தெரியும், ஆனால் நம்முடையது என்று தெரியாதே, அந்த மாதிரி. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஐ.என்.ஏ. மார்க்கெட் போய்க் காபிப்பொடி வாங்கிவருகிறேன். போன தடவை பழக்கத்தில் இரண்டு பேருக்கான அளவு வாங்கிவிட்டேன், அது தீர்கிற வரையில் வாசனை போகாமல் இருக்க டப்பாவை இறுக்கி மூடி வைத்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சமையலறைச் சுவரில் அம்மா செய்து மாட்டிய மோட்டார் பெட்டி உனக்கு நினைவிருக்கும். காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு அதுவே மோட்டாரைப் போடும், மொட்டை மாடியில் டாங்க் நிரம்பினால் அதுவே நிறுத்தி மணி அடிக்கும், யாராவது பட்டனை அமுக்கும் வரை அடித்துக்கொண்டே இருக்கும். முகப்பில் இரண்டு வரிச் சின்னத் திரை, அதில் ஆங்கில எழுத்தில் தமிழ் ஓடும். மோட்டார் போட்டதும் 'எழுந்திருங்கோ, தண்ணி வந்தாச்சு' என்று வரும், எழுந்திருக்க வேண்டியவன் இந்த வீட்டில் நான் ஒருவன்தான். ஜூலையிலிருந்து எங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஒருநாள் காலையில், மறுநாள் சாயங்காலத்தில் என்று ஆகிவிட்டது. பெட்டிக்கு இது தெரியாது. காலையில் வெறும் குழாயில் மோட்டாரைப் போட்டுக் கதற வைக்கும். சாயங்காலம் நான் பெட்டியின் கட்டுப்பாட்டில் இல்லாத பழைய ஸ்விட்சைக் கையால் போட்டுவிட்டு மறந்துபோவேன், டாங்க் வழிந்து சாவ்லாவின் ஸ்கூட்டர் சீட்டில் கொட்டும். சாவ்லா நல்ல மனிதர், முதல் இரண்டு தடவை கோயி பாத் நஹீன், பரவாயில்லை என்றார், மூன்றாவது தடவை ஈர பேண்டோடு என் வீட்டு வாசலில் வந்து நின்று, சேஷன் ஜி, இந்த டப்பாவைக் கழற்றி எறியுங்கள், தீபாவளிக்குள் நீங்கள் செய்யாவிட்டால் என் எலக்ட்ரீஷியனை அனுப்பிக் கழற்றி, கடையில் விற்கிற டைமர் ஒன்றை மாட்டிவிடுவேன் என்று அன்பாகவே சொல்லிவிட்டுப் போனார். நீயும் அதையேதான் சொன்னாய். ஆன்லைனில் டைமர் அனுப்புகிறேன், அம்மாவின் பெட்டியை ஷோகேஸில் வையுங்கள் என்றாய். யோசித்துப் பார்த்தேன். வேலை செய்யாத பொருளுக்கு இடம் ஒதுக்கி, தூசி தட்டி, மரியாதை கொடுப்பது உங்கள் மினிஸ்ட்ரியில் வழக்கமாக இருக்கலாம், என் வீட்டில் நடக்காது என்று அம்மா ஒருமுறை என் நண்பர் ஒருவர் எதிரிலேயே சொன்னாள். அதனால் ஷோகேஸ் யோசனையைக் கைவிட்டேன். பெட்டி சுவரிலேயே இருக்க வேண்டும், வேலையும் செய்ய வேண்டும்.

அதற்குப் பெட்டிக்குள் இருக்கும் சிப்பில் புதுப் புரோகிராம் எழுத வேண்டும், எழுதினால் பழையது அழிந்துபோகும், அதனுடன் அம்மாவின் வாசகங்களும் போகும். டீச்சராக இருந்த பள்ளியில் அவள் புரோகிராம் எழுதிய கம்ப்யூட்டர் அவள் ரிட்டயர் ஆனதுமே துடைத்து வேறு வகுப்புக்குப் போய்விட்டது. ஆகவே அவள் வாசகங்கள் இருக்கிற ஒரே இடம் அந்தச் சிப்தான். சிப்பைப் பெயர்த்து எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்றால், கழற்றி மாட்டும் சாக்கெட் வாங்கக் கடைக்குப் போகச் சோம்பல்பட்டு அதைப் பலகையில் நேரடியாக ஈயம் உருக்கிச் சால்டர் செய்துவிட்டிருக்கிறாள், எடுக்கப் போனால் சூட்டில் செத்துப்போனாலும் போகும். என் உத்தியோகத்தில் ஒரே ஒரு ஒழுக்கத்தை நான் கடைசிவரை விடவில்லை, ஆபீஸ் காப்பி எடுக்காமல் எந்தக் காகிதத்தையும் மேலே அனுப்பியதில்லை. இதிலும் அப்படியே செய்வது என்று முடிவு செய்தேன்.

சிப்புக்குள் இருப்பதைப் படிக்கவும் அதில் எழுதவும் யு.எஸ்.பி. புரோகிராமர் என்று தீப்பெட்டி அளவில் ஒரு பலகை வேண்டும். ஒரு பக்கம் கம்ப்யூட்டரில் செருகுவது, மறுபக்கத்து ஒயரைச் சிப்போடு இணைப்பது. அம்மா பள்ளியின் புரோகிராமரைத்தான் பயன்படுத்திவந்தாள், ரிட்டயர் ஆனபோது திருப்பிக் கொடுத்துவிட்டு, சொந்தமாக ஒன்று செய்துகொள்ள ஆரம்பித்திருக்கிறாள். அவள் மேஜையில் பாதி முடிந்த பலகையும், பக்கத்தில் என்னுடைய பழைய மாத்திரை டப்பாவும் இருந்தன. கிழமைக்கு ஓர் அறை இருக்குமே, அதுதான். ஞாயிறில் சிப், திங்களில் கிரிஸ்டல், செவ்வாயில் ரெசிஸ்டர், புதனில் டயோடு என்று போட்டு வைத்திருந்தாள். சனிக்கிழமையில் மட்டும் என் ரத்த அழுத்த மாத்திரை ஒன்று இருந்தது, அது எந்தக் காலத்து மாத்திரை என்று தெரியாததால் விழுங்கவில்லை. ரெடிமேடாகவே கிடைக்குமே அப்பா என்பாய். கிடைக்கும். இவள் பாதி செய்ததை வைத்துக்கொண்டு இன்னொன்று வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை, அதற்கு மேல் காரணம் கேட்காதே.

நெட்டில் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சால்டர் செய்தேன். முதலில் விரலைச் சுட்டுக்கொண்டேன். வலித்தது என்று பிறகுதான் தெரிந்தது. ஆறு கம்பிகள் இருக்கிற கனெக்டரை, படம் மேலிருந்து போட்டது என்பதைக் கவனிக்காமல் பலகையைக் கவிழ்த்து வைத்துச் சால்டர் செய்ததில் இடம் வலம் மாறிப்போய், எல்லாவற்றையும் உருக்கி எடுத்து மறுபடி செய்தேன். எல்லாம் முடிந்ததும்தான் அந்த விஷயத்தைப் படித்தேன். புரோகிராமருக்குள்ளும் ஒரு சிப் இருக்கிறது, அதற்கும் ஒரு புரோகிராம் எழுத வேண்டும், அதை எழுத ஒரு புரோகிராமர் வேண்டும். மற்றவர்கள் இந்த இடத்தில் மனம் உடைந்துவிடுவதாக நெட்டில் புலம்பியிருக்கிறார்கள். எனக்கு வெகுநாள் கழித்துச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. பாஸ் இல்லாமல் கட்டடத்துக்குள் போக முடியாது, பாஸ் கொடுக்கும் அறை கட்டடத்துக்குள்ளே இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் செய்ய வேண்டியது ஒன்றுதான், ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஆளைப் பிடிக்க வேண்டும்.

புசா ரோடு பள்ளியில் அம்மாவிடம் படித்துவிட்டு இப்போது அங்கேயே கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கிற ஜ்யோத்ஸ்னாவைப் போய்ப் பார்த்தேன். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அங்கிள், இந்தப் பாதி மேம் பண்ணினது, இந்தப் பாதி நீங்க, ஹை நா, சரிதானே என்றாள். எப்படித் தெரியும் என்றேன். மேம் பண்ணின சால்டர் அரிசி மாதிரி இருக்கு, உங்களுது இட்லி மாதிரி இருக்கு என்றாள். பள்ளியின் புரோகிராமரை வைத்து, ஜல்தி ஆயிடும் அங்கிள் என்று சொல்லி, நான் டீயை ஆற்றிக் குடிப்பதற்குள் நம்முடைய புரோகிராமருக்கு உயிர் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பில் செருகி, மறுபக்கத்தை மோட்டார் பெட்டியில் இணைத்துப் படிக்கச் சொன்னேன், படித்தது. திறந்து பார்த்தால் பூஜ்யம் பூஜ்யம், ஒன்று ஒன்று, இரண்டு இரண்டு என்று வரிசை தப்பாமல் எண்கள். ரொம்பவும் திருப்தியாக இருந்தது. உன் அம்மா எதையும் ஒழுங்காகச் செய்கிறவள், இவ்வளவு கச்சிதமாக வரிசைப்படுத்தியிருக்கிறாளே என்று நினைத்து, நகல் எடுக்கப்பட்டது, சரிபார்க்கப்பட்டது என்று எழுதித் தேதி போட்டு, ஒரு பிரதியை ஜ்யோத்ஸ்னாவுக்கும் அனுப்பிவைத்தேன். உடனே போன் வந்தது. அங்கிள், அது மேம் எழுதினது இல்லை, சிப்பை பூட்டிட்டாங்க, பூட்டின சிப்பைப் படிச்சா வெறும் நம்பரைத்தான் எண்ணிக் காட்டும் என்றாள். அதாவது, காலிப் பக்கங்களுக்குப் பக்க எண் போட்டு அனுப்பியிருக்கிறது. நான் வாழ்நாள் முழுவதும் கையெழுத்திட்ட கோப்புகளில் பல இப்படித்தான் இருந்திருக்கும் என்பதால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஏன் பூட்டினாள் என்று கேட்டேன். ஸ்கூல் எக்ஸிபிஷனில் பிள்ளைகள் ஒருத்தர் சிப்பை ஒருத்தர் காப்பி அடித்துக் கொண்டுவந்தார்கள், அதிலிருந்து மேம் எந்தச் சிப்பையும் பூட்டாமல் கீழே வைக்க மாட்டார்கள் என்றாள். காப்பி அடித்தது யார் என்று நான் கேட்கவில்லை, அவளே ஸாரி அங்கிள் என்றாள். பூட்டைத் திறக்க வழி உண்டா என்றேன். உண்டு, மொத்தத்தையும் அழித்தால் பூட்டும் போய்விடும் என்றாள்.

இரண்டு நாள் சும்மா இருந்தேன். சாவ்லா படியில் பார்த்து, தீபாவளி வந்துகொண்டிருக்கிறது சேஷன் ஜி என்று வாழ்த்து மாதிரி சொன்னார். அப்புறம்தான் தோன்றியது. பெட்டியைப் படிக்க முடியாது, சரி, ஆனால் பேச வைக்கலாமே. அவள் எந்தெந்தச் சமயத்துக்கு என்ன சொல்ல எழுதியிருக்கிறாளோ, அந்தந்தச் சமயத்தை நாமே உண்டாக்கினால் அவளே சொல்லிவிடப் போகிறாள். சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட்டேன், 'கரண்ட் வந்தாச்சு, எங்கே விட்டேன்' என்றது. டாங்கிலிருந்து கீழே வரும் இரண்டு ஒயர்களையும் ஜெம் கிளிப்பால் சேர்த்தால் டாங்க் நிரம்பிவிட்டதாகப் பெட்டி ஏமாந்துவிடும், அப்படிச் செய்ததும் 'ரொம்பியாச்சு, அமுக்குங்கோ' என்றது. அமுக்கினேன், 'சரி, காபி' என்றது. வெறும் குழாயில் மோட்டாரைக் கதற விட்டுக் காத்திருந்தேன், அதுவாகவே நிறுத்திவிட்டு 'தண்ணி வரலை, லெட்டர் எழுதாதேங்கோ' என்றது. ரேஷன் முதல் தெருவிளக்கு வரை நான் எழுதிய புகார்க் கடிதங்களைப் பற்றி அவள் வைத்துக்கொண்டிருந்த கருத்து அது. தெரிந்த முதல் வாசகத்தோடு சேர்த்து ஐந்து. எல்லாம் நாம் பார்த்துப் பழகியவைதான். முடிந்தது என்று எழுந்திருக்கப் பார்த்தேன், ஆனால் ஒரு சமயத்தை நான் உண்டாக்கிப் பார்க்கவில்லை. டாங்க் நிரம்பி மணி அடித்து, யாருமே அமுக்காவிட்டால் என்ன ஆகும். இந்த வீட்டில் அப்படி நடந்ததே இல்லை, எவ்வளவு வேலையாக இருந்தாலும் அவள் வந்து அமுக்கிவிடுவாள். மறுபடி கிளிப்பைப் போட்டேன். மணி அடித்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, சாவ்லா மேலிருந்து க்யா ஹுவா, என்ன ஆச்சு என்று கத்தினார். சரியாகப் பத்து நிமிஷம் ஆனதும் மணி தானாக நின்றது. திரையில், 'காது கேக்கலியா? சரி, நானே வரேன்' என்று வந்தது.

நான் ஸ்டூலிலிருந்து எழுந்து, சமையலறை வாசலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். பிறகு கிளிப்பை எடுத்தேன். ராஜகோபாலிடம் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை.

ஆறு வாசகங்களையும் அம்மாவின் எழுத்துப்பிழைகளைத் திருத்தாமல் ஜ்யோத்ஸ்னாவுக்கு அனுப்பினேன். புது நேரங்களைப் போட்டு அவள் புரோகிராம் எழுதித் தந்தாள். கடைசி வாசகம் மட்டும் வேண்டாமே அங்கிள், உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா என்றாள். மூலத்தில் உள்ளபடியே இருக்கட்டும் என்றேன். பூட்டட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். புதன்கிழமை காலையில் குளித்துவிட்டு, அம்மாவும் நானுமாகச் செய்த புரோகிராமரைச் செருகி, எழுதச் சொல்லி ஒரு விசையைத் தட்டினேன். அழித்தாயிற்று என்று முதலில் ஒரு வரி வந்தது. எங்கள் ஆபீஸில் ஒரு பழைய கோப்பை அழிக்க மூன்று பேர் கமிட்டி வேண்டும், இது கண் சிமிட்டுவதற்குள் நடந்தது. அடுத்த வரியில், எழுதியாயிற்று என்றது. அன்று சாயங்காலம் தண்ணீர் வந்தபோது மோட்டார் தானாகப் போட்டுக்கொண்டது, 'எழுந்திருங்கோ' என்றது. நான் எழுந்துதான் இருந்தேன். சாவ்லா மறுநாள் ஒரு டப்பா சோன் பப்டி கொடுத்து, ஸ்கூட்டர் சீட் காய்ந்திருக்கிறது என்றார்.

என்னை அங்கே வந்து இருக்கச் சொல்கிறாய். மாப்பிள்ளையும் சொன்னார், அவருக்கு என் ஆசிகள். இந்தக் குளிர் போகட்டும், பார்க்கலாம். மானசாவுக்குத் தமிழ் எழுத்தை இப்போதே சொல்லிக்கொடு, தள்ளிப்போட்டால் உன் மாதிரி ஆகிவிடும். நீயும் வேளைக்குச் சாப்பிடு, அந்த ஊரில் காது மூடிக் குல்லாய் போடாமல் வெளியே போகாதே. பகவான் உங்கள் மூவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும். புரோகிராமின் நகலை உன் ஈமெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன், இந்தத் தடவை காலிப் பக்கம் இல்லை, ஜ்யோத்ஸ்னா பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டாள்.

ஒன்று மட்டும் மறக்காதே. டிசம்பரில் வரும்போது, டாங்க் நிரம்பி மணி அடித்தால் ஓடிப்போய் அமுக்காதே. பத்து நிமிஷம் அங்கேயே நின்று, ஆறாவது வாசகத்தையும் பார்த்துவிட்டு வா. மற்ற நாட்களில் நான் அவ்வளவு தூரம் போக விடுவதில்லை. மணி அடித்ததும் நானே எழுந்து போய்விடுகிறேன். அவள் வர வேண்டியிருப்பதில்லை.

இப்படிக்கு, என்றும் உன் நலம் வேண்டும்
அப்பா
(சேஷன்)