சிவப்புப் பூசிய வயல்

தென்கரை,
12.5.1985

தம்பி விருமாண்டிக்கு,

அக்காள் பாண்டியம்மாள் எழுதுவது. நலம் கேட்க இதை எழுதவில்லை.

யூனியன் ஆபீஸ் சுவரில் உங்கள் இலாகாவின் மண் வரைபடம் ஒட்டியிருக்கிறது. செயற்கைக்கோள் எடுத்த படத்தை வைத்து நீ போட்டதாம். ஆற்றோரம் முழுக்கப் பச்சை. நம் மேலவயல் மட்டும் சிவப்பு. 'களர் நிலம். வெற்றிலைக்கும் வாழைக்கும் ஆகாது.'

அந்த வயலைக் கொடுப்பதாகச் சொல்லித்தான் என் மகள் அன்னக்கொடிக்கு நிச்சயம் செய்தோம். நேற்று மாப்பிள்ளையின் அப்பா சிவனாண்டி வந்து, "வெளங்காத மண்ண எம் மகன் தலையில கட்டப் பாத்தீகளாக்கும்" என்று வாசலில் நின்றே முறித்துவிட்டுப் போனார்.

அப்பா அந்த வயலை எனக்கு எழுதிவைத்தது உனக்கு ஆறவில்லை. தரையில் நின்று கேட்க முடியாததை ஆகாயத்திலிருந்து பிடுங்கிவிட்டாய். படத்தை மாற்று.

பாண்டியம்மாள்


கே.கே. நகர், மதுரை,
20.5.1985

அக்காவுக்கு,

செயற்கைக்கோளுக்கு அக்காள் வயல், அடுத்தவன் வயல் தெரியாது. கோடையில் எடுத்த படத்தில் மேலவயல் உப்புப் பூத்து வெளுத்துக் கிடந்தது. அதை மட்டும் நம்பாமல் நேரில் வந்து குழி வெட்டி மண் எடுத்தேன். "எவன் வயல்ல எவன்டா தோண்டுறது?" என்று மச்சான் கத்தியதை ஊரே கேட்டது. நீ வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. சோதனையிலும் களர்தான்.

நிறத்தை மாற்ற மாட்டேன். வடிகால் வெட்டி, ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் மண் தேறும். கேட்பதும் கேட்காததும் உன் பாடு.

விருமாண்டி


தென்கரை,
3.6.1985

விருமாண்டிக்கு,

வேறொரு அதிகாரியைக் கூட்டிவந்து காட்டினோம். அவரும் களர் என்றார். படத்தைப் பற்றி இனிப் பேச்சில்லை.

ஆனால் சிவனாண்டி இங்கே வந்தது உன் வீட்டில் காப்பி குடித்த பிறகுதான். அவரே டீக்கடையில் சொன்னாராம். மண் தேறும் என்று எனக்கு எழுதத் தெரிந்தவனுக்கு, அவரிடம் சொல்ல வாய் இல்லையா?

பாண்டியம்மாள்


மதுரை,
10.6.1985

அக்காவுக்கு,

வந்தார். "தாய்மாமன் நீங்களே சொல்லுங்க, அந்த மண்ணு வெளயுமா?" என்றார். "இப்பக்கி வெளயாது" என்றேன். தேறுமா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஊர் நடுவில் என்னைத் திருடனாக நிற்க வைத்தவர்களுக்காக வலியப் போய்ப் பேச எனக்கு மனம் வரவில்லை.

விருமாண்டி


தென்கரை,
22.1.1986

விருமாண்டிக்கு,

அன்னக்கொடிக்கு உசிலம்பட்டியில் இடம் அமைந்துவிட்டது. மாப்பிள்ளை பால்பாண்டி, பஸ் கண்டக்டர். வயல் களர் என்று நானே முதலில் சொன்னேன். பரவாயில்லை என்றார்கள்.

மேலவயலில் நீ எழுதியபடிதான் செய்தோம். நெல் நட்டிருக்கிறோம், பயிர் நிற்கிறது. அதை மறைக்க மாட்டேன்.

தாய்மாமன் மாலை போட, சித்தப்பா மகன் மலையாண்டியை அழைத்துவிட்டேன். "விருமாண்டி மாமா வராதாம்மா?" என்று அன்னக்கொடி ஒரு தடவை கேட்டாள். "ஒனக்கு மாமன் மலையாண்டிதான்" என்றேன். பிறகு அவள் கேட்கவில்லை.

மாசியில் கல்யாணம். தேதியை உனக்கு எழுதவில்லை. யாரிடமும் கேட்டுக்கொண்டு வந்துவிடாதே.

பாண்டியம்மாள்