செகண்ட் செலக்‌ஷன்

பூங்குழலி கண்ணு,

அப்பா கம்பெனிக்குக் கிளம்பிட்டேன். நீ தூங்குற மாதிரி கண்ணை மூடிக்கினு இருந்த, அதான் எழுப்பல. ராத்திரியும் நீ சாப்பிடல. புளிக்கொழம்பு இருக்குது, சூடு பண்ணிச் சாப்பிடு.

கம்பெனியில நாள் பூரா ஆட்டுத் தோலைத் தரம் பிரிச்சி, வடு இருந்தா "செகண்ட் செலக்‌ஷன்"னு ஒதுக்கச் சொல்ற வாய் இது. நேத்து உன் மெடிக்கல் சீட்டைப் பத்திப் பேசும்போதும் அதே வார்த்தை வந்துடுச்சி. கவுன்சிலிங்ல செகண்ட் ரவுண்டுலதான் கெடைக்கும்னு சொல்ல வந்தேன்மா. உன்னை வடு இருக்கிற தோலுன்னு சொல்லல.

ஆனா பொய்யும் சொல்ல மாட்டேன். ஸ்கூல்லயே நீதான் ஃபர்ஸ்ட்டு. இருந்தாலும் போன வருஷ கட்-ஆஃபைப் பாத்தா, மெட்ராஸ் காலேஜ் மொதல் ரவுண்டுல கஷ்டம்தான். செகண்ட் ரவுண்டுல யாராச்சும் விட்டுட்டுப் போனா வரும், வராமலும் போவும்.

வெளிய போனா சாவிய பக்கத்து வீட்டு ஹெலன் ஆன்ட்டிகிட்ட குடு, அம்மா வந்து வாங்கிக்கும்.

அப்பா

செல்லுல பாத்தேன். கவுன்சிலிங் சாய்ஸ் லிஸ்ட்டுல இருந்து அந்த மெட்ராஸ் காலேஜையே எடுத்துட்டிருக்க. சாயந்திரம் லிஸ்ட்டை லாக் பண்றதுக்குள்ள திரும்ப மொதல்லயே போடு. வேணாம்னு சொல்றதா இருந்தா அவங்க சொல்லட்டும். நாமளே உன்னை ஒதுக்க வேணாம்.