உன் பாதி ஸ்பானிஷ் புத்தகம்

என் அருமை மச்சான் சாமுவேலுக்கு,

நீ சொன்ன பஸ் வந்துவிட்டதடா. முந்தாநாள் காலையில் கோயில் வாசலில் வந்து நின்றது. இறங்கிய இருபது பேரும் ஸ்பானிஷ்காரர்கள். நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?

"காஞ்சிபுரத்துக்கு எந்த ஸ்பானிஷ்காரன் வரப்போறான்? வேற வேலை இல்லையா உனக்கு?" என்று நான் கத்தியது நினைவிருக்கிறதா? நீ சிரித்தாய். "எல்லா கைடும் இங்கிலீஷே பேசிக்கினு இருக்கான். நாம இத பேசினா பஸ்ஸு நம்மளத் தேடி வரும்பா" என்றாய். மூர்மார்க்கெட்டில் வாங்கிய பழைய புத்தகத்தை இரண்டாகக் கிழித்தவனும் நீதான். 'ஆர்' என்று முடியும் வினைகள் எனக்கு. 'ஏர்', 'ஈர்' என்று முடிபவை உனக்கு. ரெண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு கைடு என்று கணக்குப் போட்டாய்.

ஒருவர் ஒன்றைச் செய்யணும், செய்யக்கூடாது என்று விரும்பினால் ஸ்பானிஷ்காரர்கள் வினையின் வாலை மாற்றிவிடுகிறார்கள். என் வினைகளில் 'ஆ' போய் 'எ' வரும்: மிரார் என்றால் பார்ப்பது, மிரென் என்றால் பாருங்கள். உன் வினைகளில் தலைகீழாக 'ஆ' வரும். அதோடு எனக்குச் சலித்துவிட்டது. நீ மஞ்சள் காமாலையில் படுத்தபடியே படித்தாயாம்.

"மிரென்", "எந்த்ரென்", பாருங்கள், உள்ளே வாருங்கள் என்று நன்றாகத்தான் ஆரம்பித்தேன். குளத்தங்கரையில் ஒரு கிழவி இரண்டு கையாலும் பாசித் தண்ணீரை அள்ளினாள். குடிக்காதீர்கள் என்று சொல்லணும். ஐயோ, குடிப்பது உன் பாதியில் அல்லவா இருக்கிறது! "நோ மிரென், நோ எந்த்ரென்" என்று உளறினேன். அவள் சிரித்துக்கொண்டே குடித்துவிட்டாள்.

பஸ்ஸோடு வந்த கம்பெனிக்காரர் கேட்டார்: "ரெண்டு பேரு இருக்கீங்கன்னு லெட்டர் வந்துதே. இன்னொருத்தர் எங்கே?"

நான் படிப்பை விட்டுப்போன பிறகும் கம்பெனிக்கு என் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறாய். பாவி, ஒரு வார்த்தை சொன்னாயா? "அவரு வரலை சார்" என்றேன். செத்துப்போய்விட்டான் என்று சொல்ல வாய் வரவில்லை.

நேற்று வாலாஜாபாத்துக்குப் போனேன். உன் மனைவி ரோஸி உன் பாதியை எடுத்துக் கொடுத்தாள். "நீங்களாவது படிங்கண்ணா. கடைசி வரைக்கும் இதையேதான் சொல்லிக்கினு இருந்தாரு" என்று அழுதாள். திரும்பும் பஸ்ஸிலேயே பிரித்தேன். 'பெபேர்' கிடைத்தது: நோ பேபான், குடிக்காதீர்கள். அடுத்த பக்கத்தில் 'விவீர்', வாழ்வது. விவா, விவாஸ், விவா, விவாமோஸ், விவாயிஸ், விவான். ஓரத்தில் உன் பென்சில் எழுத்து. முன்னால் 'எஸ்பேரோ கே' சேர்த்தால் நம் ஆசையைச் சொன்னதாகும் என்று எழுதியிருந்தாய்.

எஸ்பேரோ கே விவாஸ். நீ உயிரோடு இருக்கணும்டா. யாரிடம் போய் இதைச் சொல்வேன்?

அடுத்த மாதம் இன்னொரு பஸ் வருமாம். இரண்டு பாதியையும் கோணி ஊசியால் சேர்த்துத் தைத்துவிட்டேன். அதற்குள் உன் பாதியை முழுக்கப் படித்துவிடுவேன். இன்னொருத்தர் எங்கே என்று கேட்டால், இந்த முறை உன் பெயரைச் சொல்வேன். நீ இல்லை என்பதையும் சொல்வேன்.

பாதியில் விட்டுப்போன உன் மச்சான்,
தணிகாசலம்