நான் பார்க்காத வெள்ளம்

என் பிரியமுள்ள அக்கா,

மடவார் வளாகத்து வீட்டின் மேற்குச் சன்னலை நான் திறப்பதில்லை என்று நீ கேலி செய்வாயே, இப்போது அது திறந்தே கிடக்கிறது. உன் காரியம் முடிந்து அத்தான் வெளிநாட்டு வேலைக்குத் திரும்பிய நாள் முதல் உன் மகள் கயல் என் பொறுப்பில் இருக்கிறாள். பள்ளி விட்டு வந்ததும் அந்தச் சன்னலருகில் நின்று மலையைப் பார்க்கிறாள். அந்த நிற்பு எனக்குப் பரிச்சயமானது. அதனால்தான் அச்சமாக இருக்கிறது.

பங்குனி உத்திரம் நெருங்குகிறது. தேவதானத்துக்கு மேற்கே, மலையடி ஓடைக்கரையில், நம் குலசாமியான சாஸ்தாவுக்குப் பொங்கல் வைக்கக் குடும்பமே கிளம்புகிறது. கயலும் வர வேண்டும் என்கிறாள். நான் இதுவரை சம்மதிக்கவில்லை. "வக்கீலு சாமிகிட்டயும் வாய்தா கேப்பான்" என்று என் தொழிலை வைத்துச் சித்தி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சித்திக்கு நினைவில்லையா, அல்லது நினைக்க விரும்பவில்லையா? அந்த ஓடையில் வெள்ளம் வந்த நாளும் பங்குனி உத்திரம்தான். நீ ராஜபாளையத்தில் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தாய். நான் தொடக்கப்பள்ளிச் சிறுவன். வழக்கம்போல ஏறக்குறைய வறண்டிருந்த ஓடைக்குள்ளேயே கல் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். தலைக்கு மேல் வானம் வெளுத்துக் கிடந்தது. ஆகவே மழை இல்லை என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். மலைக்குப் பின்னால் இருக்கும் வானத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

நீ ஒரு பாறையில் அமர்ந்து, உன் பாடத்தில் வந்த ஆங்கில ரொமான்டிக் கவிஞர்களைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய். அவர்களுடைய கவிதைகளில் ஒரு குழந்தை தனியாக மலைக்கும் ஏரிக்கும் போகிறது, அங்கே முதன்முதலாகப் பயப்படுகிறது, அந்தப் பயம் அதை விட்டு என்றும் போவதில்லை என்றாய். பயப்படுவதற்கு ஒரு கவிதையா என்று நான் கேட்டேன். நீயோ காலடியில் ஓடிய நூல்போன்ற தண்ணீரையே பார்த்தாய். அது தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. பச்சை இலைகள் மிதந்து வந்தன.

"ஏலே, மேல ஏறு. கேள்வி கேக்காத" என்றாய். குரலை நீ உயர்த்தவே இல்லை. அந்தத் தணிந்த குரலைக் கேட்டுத்தான் பெரியவர்களும் அடுப்பை விட்டு எழுந்து கரையேறினார்கள்.

பிறகு நடந்ததற்கு நான் கண்ணால் கண்ட சாட்சி அல்ல. கரையேறும்போதே உன் தாவணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். கேட்டதை மட்டும் சொல்ல முடியும்: பாறைகள் ஒன்றோடொன்று மோதி உருளும் ஓசை, நம் பொங்கல் பானை எங்கோ உடைந்த சத்தம், சித்தி சாஸ்தாவை அழைத்த குரல். மலையே எழுந்து நம்மைத் தேடி வருவதாக நினைத்தேன். உன் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஓடைப் பக்கமிருந்து நீ உடம்பைத் திருப்பவில்லை.

பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயமாத்தாம்ல இருக்கு. அதாம் பாத்துக்கிட்டு நிக்கேன்."

அந்த வாக்கியத்தின் புதிரை இத்தனை ஆண்டுகளாக என்னால் தீர்க்க முடியவில்லை, அக்கா. மருத்துவர் உன் பரிசோதனை அறிக்கையை விளக்கிய அன்றும் நீ அப்படித்தான் அவர் முகத்தைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். பார்ப்பதால் என்ன கிடைத்தது உனக்கு?

நேற்றுச் சன்னலைச் சாத்தப் போனேன். கயல் தடுத்தாள். அந்த ஓடைக் கதையை நீ அவளுக்குச் சொல்லியிருக்கிறாய் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"மாமா, தண்ணி கலங்குனா எந்தப் பக்கம் ஏறணும்னு மட்டும் காட்டுங்க. பொறவு நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். சன்னல் கம்பியை இறுகப் பற்றியிருந்தாள். அவளுக்கும் பயம்தான்.

எந்தப் பக்கம் ஏறினோம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தவனுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் அடைத்து வைத்து நான் அவளுக்குக் கொடுக்கக்கூடியது அந்த அறியாமை ஒன்றுதான்.

ஆகவே அழைத்துப் போகிறேன். அடுப்பு இம்முறை கரைமேட்டில்தான். சித்தி எவ்வளவு சிரித்தாலும் அதில் மாற்றமில்லை. கயலின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெள்ளம் வராது என்று என்னால் உறுதி கூற இயலாது. வந்தால் அவள் கண்ணைப் பொத்தமாட்டேன். என் கண்ணையும் மூடமாட்டேன். இந்த அளவுக்கு உனக்கு வாக்குத் தருகிறேன்.

இன்னும் பயந்துகொண்டே, மேற்கே பார்த்தபடி,
உன் தாவணிக்குள் ஒளிந்த தம்பி