மூலம் என்னவென்று கேட்டாய்

மார்ச் 4

நெட்டையனுக்கு,

நலமாகத்தான் இருப்பாய். போனை எடுப்பதில்லை என்று வைராக்கியமாக இருக்கிறாய், அதனால் எழுதுகிறேன்.

புது வீட்டுக்கு முதல்முறை சாப்பிட வந்தவன் செய்கிற காரியமா அது? உன் மாமா ஆசை ஆசையாக வாங்கிப்போட்ட வெள்ளை சோபா. உட்கார் உட்கார் என்று எத்தனை தடவை சொன்னார்! நீயோ ஜன்னலோரம் நட்ட கம்பம் மாதிரி நின்றாய். தட்டைக் கையில் ஏந்தி நின்றபடியே தின்றுவிட்டுக் கிளம்பினாய். நாள் முழுக்க டாக்ஸியில் உட்காருகிறவனுக்கு என் வீட்டில் உட்கார மட்டும் மனம் வரவில்லை.

நீ போனதும் மாமியார் முன்னால் அவர் சொன்னார்: “உன் தம்பிக்கு நம்ம வீடு கண்ணை உறுத்துது. இனிமே அவன் இந்த வாசப்படி மிதிக்க வேண்டாம்.” எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தையல் மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இத்தனைக்கும் மூலம் என்ன? ஒளிக்காமல் எழுது. முடியாதென்றால் எழுதவே வேண்டாம்.

கோபம் ஆறாத
அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

மூலம் என்ன என்று கேட்டாய். மூலம்தான்.

சிரித்துவிட்டாயா? சிரி. இதை எழுதுவதற்குள் எத்தனையோ காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

ரொம்ப நாளாகவே வெளிக்குப் போனால் ரத்தம். நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தானே, ‘உடம்புச் சூடு’. நானும் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் வீட்டுக்கு வந்த அன்று வழியிலேயே பேண்ட் நனைந்துவிட்டது. சட்டையை வெளியே இழுத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றேன். அந்தச் சோபா அவ்வளவு வெள்ளையாக இருந்தது, அக்கா.

அதற்கப்புறம்தான் டாக்டரிடம் போனேன். உன் வயதுப் பெண். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது, அவர் முகம் சுளிக்கவே இல்லை. அந்த இடத்து ரத்தக்குழாய் வீங்கிப் புடைத்திருக்கிறதாம். வண்டியை நிறுத்த இடம் கிடைக்காதே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்தேன், வந்ததை அடக்கினேன், பிறகு மலம் இறுகி முக்கினேன். கக்கூஸில் உட்கார்ந்தால் போனைப் பார்த்துக்கொண்டு எழுந்திருப்பதே இல்லை. வினையை விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

இப்போது கீரை, பழம், நிறையத் தண்ணீர். வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய தொட்டியில் தினமும் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். அடங்காத இடத்தில் சின்ன ரப்பர் வளையம் போட்டு இறுக்கிவிட்டார். அந்த வீக்கம் தானே சுருங்கி விழுந்துவிடுமாம். அதற்கு முன் குழாய் விட்டு உள்ளே பார்த்தார். சூடு என்று நினைத்தேன் என்றதற்கு, “ரத்தம் வந்தா நீங்களே பேர் வெச்சுக்காதீங்க. வேற ஏதாவதா இருந்தா?” என்று கேட்டார்.

மாமாவிடம் சொல்லிவிடாதே. பொறாமைக்காரன் என்றே நினைக்கட்டும், இதற்கு அது தேவலை.

வெட்கத்தோடு,
தம்பி

மார்ச் 19

என் தங்கத் தம்பிக்கு,

நான் சிரிக்கவில்லை. குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன், அங்கேயே அழுதேன். உன்னைத் தூக்கி வளர்த்தவள், நானும் அதைப் பொறாமை என்று நம்பினேனே. அதை நினைத்தால் கூசுகிறது.

மாமாவிடம் சொல்லவில்லை. அன்று உனக்கு முதுகுப் பிடிப்பு, வீம்புக்கு வாயைத் திறக்கவில்லை என்று புளுகினேன். “அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல” என்று முணுமுணுத்தார். அவ்வளவுதான், கோபம் போய்விட்டது. சோபாவுக்குக் கருஞ்சிவப்பில் உறை தைத்துப் போட்டிருக்கிறேன். கடையில் அந்த நிறம்தான் மிச்சம் இருந்தது என்று அதற்கும் ஒரு புளுகு.

இன்னொன்று. சின்னவள் பிறந்ததிலிருந்து எனக்கும் வெளிக்குப் போனால் ரத்தம். மெஷினில் உட்கார்ந்தே இருக்கிற சூடு என்று சொல்லிக்கொண்டேன். இப்போது அடிக்கடி வருகிறது, எடையும் குறைந்திருக்கிறது. ‘வேற ஏதாவதா இருந்தா’ என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. கட்டின புருஷனிடம் சொல்ல வாய் வரவில்லை. நீ முதலில் எழுதியிருக்காவிட்டால் உன்னிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த டாக்டரிடம் எனக்கும் நேரம் கேட்டு வை. நீயே வண்டி எடுத்துக்கொண்டு வா. நான் உள்ளே இருக்கும்போது கதவுக்கு வெளியே நீ இருந்தால் போதும். உட்கார முடியாவிட்டால் நில். அதுதான் உனக்கு நன்றாக வருமே.

அக்கா