டாங்கிக்கடியில் மடித்த சாக்கு

மச்சான்,

இன்று காலை மேல்மலையில் தேயிலைக்கு நடுவே புல்லைக் கொல்ல மருந்தடித்தார்கள். அந்த நெடி பனியோடு இறங்கி நம் லயத்து வீடுகளின் வாசல்வரை வந்தது. உடனே உன் சாக்கு ஞாபகம் வந்தது. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் மகள்தான் எழுதுகிறாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் றொசல்லப் பக்கத் தோட்டத்தில் நாம் இரண்டு பேரும் முதுகில் மருந்து டாங்கி சுமந்தோம். உன் டாங்கி அடியில் கசியும். மழைக்கும் குளிருக்கும் சாக்கைப் போர்த்திப் பழகியவர்கள் நாம். நீயும் ஒரு சாக்கை நாலாக மடித்து முதுகுக்கும் டாங்கிக்கும் நடுவில் சொருகிக்கொண்டாய். டாங்கி உறுத்தவில்லை, கசிவும் வழியவில்லை என்று உனக்குச் சந்தோஷம். கங்காணி வேறு டாங்கி எடுக்கச் சொன்னபோது, "இது உரமூட்டை சுமந்து காச்சுப்போன முதுகுங்க. மருந்து வழுக்கிக்கிட்டுப் போயிரும்," என்றாய். எல்லாரும் சிரித்தோம். கசிந்ததையெல்லாம் சாக்கு குடித்துவிட்டு, நாள் முழுக்க உன் தோலில் ஒத்தடம் போட்டுக்கொண்டிருந்தது ஒருவருக்கும் தெரியவில்லை.

முதுகு வெந்து உரிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம். அங்கே இருந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். காய்த்துப்போன முதுகு எப்படி வெந்தது என்று நீ கேட்டாய்.

"உடம்பு முழுக்கச் சின்னச் சின்னக் கலங்கள், செல் எண்டு சொல்லுறது. பாரம் உரசினா அதுகள் பெருகித் தோலைத் தடிப்பாக்கும். நஞ்சு ஊறினா வீங்கும். கொஞ்சமெண்டா தேறும், மிஞ்சினா செத்துப்போகும்," என்றார்.

"லயத்துக் கூரை மாதிரிங்களா ஐயா? ஒழுகுனா ஒட்டுப் போடலாம். மொத்தமா ஊத்துனா குடியிருக்கிற காம்பராவைக் காலி பண்ணணும்."

டாக்டர் சிரித்துவிட்டு, அதேதான் என்றார். புதுத்தோல் வெங்காயச் சருகு போல இருக்கும், அது தடிக்கும்வரை டாங்கியைத் தொடாதே, நஞ்சு நேரே உள்ளே இறங்கிவிடும் என்றும் சொல்லி அனுப்பினார்.

புண் அரிக்கத் தொடங்கியது. அரிப்பெடுத்தால் ஆறியாயிற்று என்பது நம் லயத்துக் கணக்கு. உன் பெண்சாதியும் நானும் எவ்வளவோ சொன்னோம். நீ துவைத்துக் காயவைத்த அதே சாக்கோடு மலையேறினாய்.

கொஞ்ச நாளில் படியேறினால் மூச்சு வாங்கியது. பிறகு படுத்தபடியே வாங்கியது. முதுகு வழியாக இறங்கிய மருந்து நுரையீரலுக்குப் போய்விட்டது, அங்கே கலங்கள் செத்த இடமெல்லாம் தழும்பாகிவிட்டது என்றார் டாக்டர். இந்த முறை நீ கூரைக் கதை பேசவில்லை. கண்ணை மூடுவதற்கு முன் என்னை மட்டும் கிட்டே கூப்பிட்டாய்.

"நம்ம முதுகு நம்ம கண்ணுக்குத் தெரியாது மச்சான். யாராச்சும் தொட்டுப் பாக்கணும்."

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்து என் உள்ளங்கையில் ஏறிய காய்ப்பு, வேலை நின்றபின் கரைந்துவிட்டது. உரசல் இல்லையென்றால் தோலும் தன் தடிப்பை விட்டுவிடுகிறது. இப்போது ஈரம் சட்டென்று கைக்குத் தெரிகிறது. மருந்தடித்துவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்களை நிறுத்தி, திரும்பச் சொல்லி, டாங்கிக்கடியில் கைவிட்டுத் தடவுகிறேன். தாத்தாவுக்கு நம்ம முதுகு என்றால் உயிர் என்று கேலி செய்கிறார்கள்.

இன்று ஒருவன் முதுகு ஈரம். வேர்வைதான் என்றான். கையை முகர்ந்து பார்த்தேன். டாங்கியை இறக்க வைத்து, பீலிக் குழாய்த் தண்ணீரில் நிறுத்தி, நானே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். குளிரில் நெளிந்தான், திட்டினான்.

தோல் உரியவில்லை மச்சான். முழுசாக இருந்தது.