வெறும் வயிற்றில் போட வேண்டாம்

விசுவமடு
14.10.2024

மேனுகாவின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் தடியை ஊன்றியாவது நடக்கத் தொடங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கதைத்தால் உங்கள் காதுக்கு எட்டாது, ஊருக்குத்தான் எட்டும். அதனால் எழுதுகிறேன்.

ஆண்கள் வார்டில் என்னை நிற்க விடவில்லை. நின்றவர் மருமகன் ஜனார்த்தனன். டொக்டர் அவரிடம் சொன்னது இதுதான். இடுப்பு ஒப்பரேசன் முடிந்த மறுநாள் இரத்தம் சோதித்ததில் உங்கள் இதயம் கொஞ்சம் பாதிக்கப்பட்டிருந்ததாம். பெரிய ஒப்பரேசனுக்குப் பிறகு சிலருக்கு நெஞ்சு நோகாமலே அப்படி வருமாம். இனியும் வராமல் இருக்கத்தான் மூன்று குளிசை. ஒன்று இரத்தம் கட்டியாகாமல் இருக்க, ஒன்று கொழுப்புக்கு, சின்னது இதயம் ஆறுதலாக அடிக்க. சின்னதைச் சடுதியாக நிற்பாட்டவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

நான் சொல்வது ஒன்று. உங்கள் வயிற்றுப் புண் எனக்குத் தெரியும். வெறும் வயிற்றில் ஒரு குளிசையும் போட வேண்டாம்.

உங்கள் அக்கா விமலேஸ்வரி மச்சாளுக்கும் வயதாகிவிட்டது. இங்கே வந்தால் நானே பார்ப்பேன். தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்த மலையகத்தார் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொல்லி மகளின் கல்யாணத்துக்கே வராமல் நின்றீர்கள். வார்டில் அதே மருமகன் பருக்கிய தேநீர் தொண்டையில் சிக்கவில்லைத்தானே.

இப்படிக்கு,
மலர்


பூநகரி
22.10.2024

அன்புள்ள மலருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. உடைந்தது இடுப்பு, மருந்து நெஞ்சுக்கு. டொக்டர்மாரின் கணக்கு எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் போடுகிறேன். அக்கா புட்டு அவித்துத் தந்து, நான் விழுங்கும்வரை பக்கத்தில் நிற்கிறா.

தேநீர்க் கதையை எடுக்க வேண்டாம். அது மயக்கத்தில் குடித்தது.

நீர் மகளோடு போன புதிதில் எனக்குக் கோபம் வரும். இப்போது அதுவும் இல்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறேன், படுக்கச் சொன்னால் படுக்கிறேன். சந்தோசமும் இல்லை, கவலையும் இல்லை. இது குளிசையின் வேலையோ தெரியாது. கேட்டு எழுதும்.

பாலன்


பூநகரி
04.11.2024

அன்புள்ள மலருக்கு,

நீர் போன பிறகு விட்டிருந்த கந்தசஷ்டி விரதத்தை இம்முறை பிடிக்கிறேன். இன்று மூன்றாம் நாள். பின்னேரம் இளநீர் மட்டும். முதலே சொன்னால் மறிப்பீர் என்று சொல்லவில்லை.

குளிசையை நினைத்துப் பயப்பட வேண்டாம். வெறும் வயிற்றில் போட வேண்டாம் என்று எழுதியிருந்தீர். அப்படியே ஒன்றும் போடவில்லை. மூன்றையும் முருகன் படத்தடியில் வைத்திருக்கிறேன். அக்கா, "எடேய், டொக்டர் நிப்பாட்டக் கூடாதெண்டெல்லோ சொன்னவர்" என்று சத்தம் போட்டா. உமது கடிதத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு இளநீர் எடுத்துவரப் போய்விட்டா. நெஞ்சில் நோ ஒன்றும் இல்லை.

ஏன் விரதம் என்று கேட்பீர். மயக்கத்தில் குடித்தேன் என்று எழுதியது பொய். முழு நினைவோடுதான் குடித்தேன். மருமகன் என்னைத் தூக்கி இருத்தி, முகம் கழுவி, "மெதுவா குடிங்க மாமா, சூடா இருக்கு" என்றார். இந்த ஒப்பரேசனால் அவர் வீட்டுக்குப் போக எனக்கு ஒரு முகம் கிடைத்தது என்று நினைத்தேன். போவதென்றால் மனம் சுத்தமாகப் போக வேண்டும். அதற்குத்தான் விரதம்.

எட்டாம் தேதி பாரணை. அந்தச் சோற்றை உங்கள் வீட்டில் சாப்பிட நினைத்திருக்கிறேன். மருமகனிடம் சொல்லும், விடியவே ஓட்டோவைக் கொண்டு வரட்டும். பிள்ளை சமைத்தால் போதும். அங்கேயே சாப்பிட்டுவிட்டுக் குளிசையைப் போடுவேன்.

பாலன்


விசுவமடு
10.12.2024

மேனுகாவின் அப்பாவுக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து நேற்றுத்தான் இங்கே திரும்பி வந்தேன். உங்கள் கடைசிக் கடிதத்தைச் சம்பந்தி பேச்சியம்மா வாங்கி, பிரிக்காமல் அலுமாரியில் வைத்திருந்தா. பதில் போடாமல் விட மனமில்லை. நான் எழுதுவதை மேனுகா பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

சூரன் போர் அன்று பின்னேரம் கதிரையில் இருந்தபடியே சரிந்தீர்கள் என்று மச்சாள் சொன்னா. குளிசை நின்றதாலா, எப்படியும் வந்திருக்குமா என்று மருமகன் டொக்டரிடம் கேட்டார். நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றாராம். விரதமென்றாலும் ஒரு வாழைப்பழத்தோடு போட்டிருக்கலாமாம். அதை நான் எழுதவில்லை. டொக்டர் சொன்னதோடு என்னுடையதையும் சேர்த்து எழுதினேன். கல்யாணம் கட்டிய நாள் தொட்டு நீங்கள் என் சொல் கேட்டதில்லை. இதை மட்டும் கேட்டீர்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆட்கள் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள், நான் அவர்களுக்குத் தேநீர் ஊற்றினேன். இன்று காலையும் எழும்பி முற்றம் கூட்டினேன்.

நமக்கு ஆண் பிள்ளை இல்லாதபடியால் மருமகன்தான் கொள்ளி வைத்தார். உங்கள் சொந்தக்காரர் ஒருவரும் மறிக்கவில்லை.

செய்தி வந்த அன்று, செத்த வீட்டுக்குத் தேவைப்படும் என்று, மருமகன் தன் வயல் அரிசியில் ஒரு மூட்டையை ஓட்டோவில் ஏற்றினார். பூநகரியில் அதிலிருந்துதான் ஒரு பிடி அள்ளி உங்களுக்கு வாய்க்கரிசி போட்டேன். நீங்கள் இங்கே சாப்பிட வர இருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
மலர்